தாளம் நின்ற இடம்

அபெனி கைதட்டினால் பக்கத்தில் நிற்பவர்களுக்குப் பாட்டு மறந்துவிடும். இபாதான் நகரத்தில், எலேயேலே மரக்கடைகளுக்குப் பின்னால் தகரக் கூரை போட்டிருக்கும் கிருபை வாசல் சபையில் இது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். மற்றவர்கள் கைகள் சேரும்போது அவள் கைகள் விரிந்திருக்கும்; அவர்கள் விரிக்கும்போது அவள் ஓங்கித் தட்டுவாள். பாடகர் குழுவில் ஒரு வருடம் வைத்துப் பார்த்தார்கள். குரல் என்னவோ நல்ல குரல்தான், கைதான் சொன்ன பேச்சுக் கேட்கவில்லை. கடைசியில் அவளுக்கு ஒலிபெருக்கிப் பெட்டிக்குப் பக்கத்தில் ஒரு நாற்காலியைப் போட்டு, சத்தத்தைக் கூட்டுவதும் குறைப்பதும் உன் பொறுப்பு என்று மரியாதையாக ஒதுக்கி வைத்தார்கள்.

அந்த அபெனிதான் சபைக்கு டிரம்ஸ் செய்து கொடுத்தவள். கேட்டவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்துதான் சிரித்தாள்.

டிரம்ஸ் வாசித்துக்கொண்டிருந்த ஃபெமியை நெடுஞ்சாலைப் பக்கத்துப் பெரிய சபை ஒன்று கொத்திக்கொண்டு போய்விட்டது. அங்கே டிரம்ஸைச் சுற்றிக் கண்ணாடி அறையே கட்டியிருந்தார்களாம். வாலிபன், போகாமல் என்ன செய்வான்? அவன் போன பிறகு கிருபை வாசலில் துதிப்பாட்டு உப்பில்லாத சாறு போல ஆகிவிட்டது. சனங்கள் நின்ற இடத்திலேயே நெளிந்துவிட்டு உட்கார்ந்தார்கள். பாஸ்டர் அக்கின் ஒவ்வொரு ஞாயிறும் காலி டிரம்ஸைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

அபெனி பாலிடெக்னிக் வாசலில் ஜெராக்ஸும் தட்டச்சும் செய்யும் கடை வைத்திருந்தாள். புருஷன் இறந்துவிட்டான், மகள் அபுஜாவில். மாணவர்களின் ஆராய்ச்சிக் கட்டுரையைத் தட்டச்சு செய்து, அதிலிருக்கும் பிழையைத் திட்டித் திட்டித் திருத்தி, அட்டை போட்டுக் கொடுப்பாள். அப்படி வந்துபோன ஒருத்தன் அவளுடைய பழைய லேப்டாப்பில் டிரம்ஸ் செய்கிற மென்பொருள் ஒன்றை ஏற்றிக் கொடுத்தான். திரையில் கட்டம் கட்டமாக வரிசைகள். முதல் வரிசை பெரிய டிரம், அடுத்தது பக்க டிரம், அப்புறம் சிம்பல், கையால் தட்டும் காங்கா, மணி கோத்த சுரைக்காயான ஷெகெரே. எந்தக் கட்டத்தைத் தொட்டு நிரப்புகிறோமோ அந்த இடத்தில் அந்த அடி விழும். தாளம் தெரிந்த கை வேண்டாம், கட்டத்தை எண்ணத் தெரிந்தால் போதும். எண்ணுவதில் அபெனியை அடித்துக்கொள்ள ஆளில்லை.

முதலில் செய்ததை பாஸ்டருக்குப் போட்டுக் காட்டினாள்.

"நல்லாத்தாம்மா இருக்கு," என்றார் அவர், தாடையைத் தடவிக்கொண்டே. "ஆனா கஞ்சி போட்ட சட்டை மாதிரி வெறச்சுக்கிட்டு நிக்குதே."

ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது அபெனிக்கு. ஃபெமி வாசித்த பழைய பதிவுகளை லேப்டாப்பில் போட்டு, வேகத்தைப் பாதியாக்கி, ஒவ்வொரு அடியாகக் கேட்டாள். அப்போதுதான் பயலின் குட்டு வெளிப்பட்டது. பக்க டிரம்மில் அவன் எப்போதும் ஒரு மயிரிழை தாமதம். சிம்பலில் ஒரு அடி பலமாக விழுந்தால் அடுத்தது பூனை நடப்பது போல. சரியாக அடிக்கவே மாட்டான், அதனால்தான் சனங்களுக்குக் கால் துள்ளுகிறது. அவளும் ஒவ்வொரு புள்ளியையும் கட்டத்திலிருந்து கொஞ்சம் தள்ளி வைத்தாள், சத்தத்தைத் தனித்தனியாகக் குறைத்தாள். ஒரே ஒரு பாட்டுக்கு இப்படிப் பல நாள் போனது. சோளக்கூழுக்கு அரைக்கிற மாதிரி இது பொறுமைக்காரர்கள் வேலை, அவளிடம் பொறுமை உண்டு. அடுத்த ஞாயிறு அதைப் போட்டபோது முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த கிழவர்கூடத் தோளைக் குலுக்கினார்.

ஆனால் ஒரு தப்பு நடந்தது. தாளத்தை முடிவில்லாமல் சுற்றும்படி வைத்திருந்தாள். பாட்டு முடிந்துவிட்டது, தாளம் முடியவில்லை. பாஸ்டர் கண்ணை மூடி "ஆண்டவரே" என்றார், டும் டக்க. "உமது பாதத்தில்" என்றார், டும் டக்க. அபெனி பதறிப்போய் எந்தப் பொத்தானை அழுத்தினாளோ, தாளம் இன்னும் வேகமாயிற்று. வாசலில் நிற்கிற கயோடே ஓடிவந்து ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கினான். அன்றைக்கு பாஸ்டர் ஒரே வார்த்தைதான் சொன்னார். "தானா நிக்கணும்மா."

தானாக நிற்க வேண்டும். சரி. ஆனால் நடுவில் நிற்கவும் கூடாது. அந்தச் சபையில் அதுதான் எல்லாவற்றையும்விடப் பெரிய பயம்.

நன்றிப் பலி செலுத்த வருகிற குடும்பம் சபையின் பின்வாசலிலிருந்து ஆடிக்கொண்டே பீடம் வரைக்கும் வரும். அவர்கள் பீடத்தைத் தொடும்முன் கொட்டு நின்றுவிட்டால், எதற்காக நன்றி சொன்னார்களோ அது நிலைக்காது. வேதத்தில் அப்படி ஒன்றும் இல்லை. பாஸ்டர் பிரசங்கத்திலேயே அதை மூடநம்பிக்கை என்று கண்டித்திருக்கிறார். ஆனால் காணிக்கைப் பையைப் பார்த்துக்கொள்ளும் புன்மியம்மா அந்த வேன் கதையைச் சொல்லாத நாள் கிடையாது.

"புது வேன் வாங்கினான், ஆடிக்கிட்டே வந்தான். பாதியில ஃபெமியோட குச்சி ஒடஞ்சு போச்சு. கொட்டு நின்னுபோச்சு. மழைக்காலம் வர்றதுக்குள்ள வேன் எங்க கெடந்துச்சு? சாக்கடைக்குள்ள. நான் ஒண்ணும் சொல்லலப்பா, நடந்ததச் சொன்னேன்."

வேன் போனால் போகிறது. அபெனியின் தம்பி லான்ரேயின் மனைவி ரோங்கேக்குப் பிள்ளை பிறந்திருந்தது.

கல்யாணமாகி ஒன்பது வருடம் காத்திருந்த பிள்ளை. நடுவில் தங்காமல் போனவை வேறு. அந்த ஊர் வழக்கத்தில் மருமகள் என்றால் வீட்டில் உள்ள அத்தனை பேருக்கும் பொண்டாட்டிதான், நாத்தனார்கூட "என் பொண்டாட்டி" என்றுதான் கூப்பிடுவாள். அபெனி அப்படிக் கூப்பிட்டபோதெல்லாம் அதில் கேலியைவிட உருக்கம்தான் அதிகம். ரோங்கே உபவாசம் இருந்த நாளெல்லாம் அவளும் பட்டினி கிடந்தாள். ஆண் குழந்தை. திமி என்று பேர் வைத்தார்கள். நன்றிப் பலிக்கு நாள் குறித்ததும் பாஸ்டர் அபெனியைத் தனியாகக் கூப்பிட்டார்.

"நான் அதெல்லாம் நம்பறதில்லன்னு உனக்குத் தெரியும். இருந்தாலும் எதுக்கும் நடுவுல நிக்காமப் பாத்துக்கம்மா."

அபெனிக்கும் அந்த வேன் நினைவுக்கு வந்தது. சரி, பெட்டி பக்கத்திலேயே உட்கார்ந்து, அவர்கள் பீடத்தைத் தொட்ட பிறகு நானே நிறுத்துகிறேன் என்று மனதைத் தேற்றிக்கொண்டு தம்பி வீட்டுக்குப் போனாள். அங்கே ரோங்கே பிள்ளையை அவள் மடியில் போட்டாள்.

"அன்னைக்கு இவன நீங்கதான் தூக்கிட்டு வரணும் அக்கா. முன்னாடி நீங்க, பின்னாடி நான்."

"நான் எப்படி வர்றது? பெட்டிய யார் பாக்கறது?"

"பெட்டி பெட்டி பெட்டி. என்னோட சேந்து பட்டினி கெடந்தது பெட்டியா, நீங்களா?"

கயோடேயிடம் பொத்தானை ஒப்படைப்பது என்று முடிவாயிற்று. வேறு எதையும் தொடக் கூடாது, இந்த ஒரு பொத்தான், குடும்பத்தின் பேரைச் சொன்னதும் ஒரே ஒரு அழுத்து என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"சிஸ்டர், நான் என்ன ராக்கெட்டா விடப்போறேன்?" என்றான் கயோடே.

ஆக, தாளம் தானாக நடந்து தானாக முடிய வேண்டும், பிள்ளை பீடத்தை அடைந்த பிறகு. எவ்வளவு நீளம் வைப்பது? அபெனிக்குச் சோறு இறங்கவில்லை. ரோங்கேயைக் கேட்டாள், எவ்வளவு நேரம் ஆடுவாய் என்று. "கடவுளுக்கு எவ்வளவு நேரம் நன்றி சொல்வேன்னு இப்பவே எப்படி அக்கா சொல்றது?" என்று அவள் சிரித்தாள். வயிற்றில் தையல் போட்ட உடம்பு, வேகமாகவும் ஆட முடியாது. அபெனி அவளை வீட்டு நடையில் ஆடவிட்டு, கடிகாரத்தைப் பார்த்தாள். ரோங்கே விளையாட்டு என்று நினைத்து ஆடிக் காட்டினாள்.

ஒருத்தி ஆடுவதற்கு எவ்வளவு நேரமாகும் என்று தெரிந்தது. எத்தனை பேர் ஆடுவார்கள்? அதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தாள். விசேஷத்துக்கு உறவுக்காரர்கள் எல்லோரும் ஒரே துணியில் உடுத்தி வருவார்கள். இந்த முறை பச்சை லேஸ். துணி எடுத்தவர்தான் ஆடுவார், எடுக்காதவர் உட்கார்ந்து பார்ப்பார். அபெனி தையல்காரரிடம் போய், பச்சை லேஸ் எத்தனை பேருக்குத் தைக்கிறீர்கள் என்று கேட்டு எண்ணி வந்தாள். அந்தக் கணக்குக்குத் தாளத்தை நீட்டினாள். அப்புறம் பயந்து அதை இரட்டிப்பாக்கினாள். முதலில் நடைக்கு அடக்கமான அடி. பாதியில் ஷெகெரே வந்து சேரும். பீடத்தை நெருங்கும் நேரத்துக்குக் காங்கா மூன்று தரம் எழும்பும். எல்லாம் முடிந்து ஒரே ஒரு சிம்பல். இதை அவள் எத்தனை தரம் கேட்டிருப்பாளோ, தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அடுத்த அடி எது என்று சொல்வாள்.

அந்த ஞாயிறும் வந்தது. பச்சை லேஸ் உடுத்திய குடும்பம் பின்வாசலில் நின்றது. அபெனி திமியை இரண்டு கையாலும் ஏந்தியிருந்தாள். பாஸ்டர் ஒலிவாங்கியில் பேரைச் சொன்னார். கயோடே பொத்தானை அழுத்தினான். கட்டைவிரலை உயர்த்தி வேறு காட்டினான். தாளம் பிறந்தது.

முதல் பத்தடி சரியாகப் போயிற்று. லான்ரேயின் மாமாக்கள் குதித்தார்கள். ரோங்கே கண்ணை மூடிக்கொண்டு, கால் தரையில் தேய்கிற மாதிரி, அசைந்து அசைந்து வந்தாள். ஷெகெரே வந்து சேர்ந்தபோது அபெனி தலை நிமிர்ந்து பார்த்தாள். இந்த நேரத்துக்கு நடுத்தூணைத் தாண்டியிருக்க வேண்டும். ஆனால் அவர்கள் இன்னும் கடைசி பெஞ்சுகளையே தாண்டவில்லை.

ஏன் நகரவில்லை? திரும்பிப் பார்த்தாள்.

சபை முழுவதும் எழுந்து வந்துவிட்டது. துணி எடுத்தவர்கள், எடுக்காதவர்கள், அந்த ஒன்பது வருடமும் ரோங்கேக்காக முழங்காலில் நின்றவர்கள், யார் மிச்சம்? பாடகர் குழு மேடையை விட்டு இறங்கி ஆடியது. முழங்கால் வலிக்காரக் கிழவர் கம்பைத் தலைக்கு மேல் தூக்கிக்கொண்டு வந்தார். புன்மியம்மா காணிக்கைப் பையையே தலையில் வைத்துக்கொண்டு ஆடினாள், உள்ளே சில்லறை குலுங்கியது. நடைபாதை அடைத்துக்கொண்டது. ஒவ்வொரு அடிக்கும் யாராவது ரோங்கேயைக் கட்டிப்பிடித்து, நெற்றியில் பண நோட்டை ஒட்டி, ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத்தான் விட்டார்கள். ஐயோ, இவர்களை நான் எண்ணவில்லையே என்று அபெனியின் மனம் அலறியது. துணியை எண்ணினேனே, மனுஷர்களை எண்ணவில்லையே!

காங்கா முதல் தரம் எழும்பியது. நடுத்தூண்கூட வரவில்லை.

அவள் ஒருத்திக்குத்தான் தெரியும் இன்னும் எவ்வளவு மிச்சம் என்று. "நகருங்க, நகருங்க" என்று கத்தினாள். அதையும் பாட்டு என்று நினைத்து நாலு பேர் திருப்பிப் பாடினார்கள். பெட்டிப் பக்கம் பார்த்தாள், கயோடேயை மறுபடி அழுத்தச் சொல்லலாம் என்று. நாற்காலி காலியாக இருந்தது. அந்தப் பாவி கூட்டத்துக்குள் இடுப்பை ஒடித்து ஆடிக்கொண்டிருந்தான். காங்கா இரண்டாம் தரம். மூன்றாம் தரம். அபெனி முன்னாலிருந்தவர்களை முழங்கையால் இடித்துக்கொண்டு முன்னேறினாள். ரோங்கே எங்கோ பின்னால் இருந்தாள். பீடத்தைத் தொடும்முன்பே கடைசி சிம்பல் விழுந்தது.

பிள்ளையின் முகத்தைக் குனிந்து பார்த்தாள். அது தூங்கிக்கொண்டிருந்தது.

அதற்கப்புறம் எல்லோரும் வந்து சேர்ந்ததும், முழங்காலிட்டதும், பாஸ்டர் தலையில் கை வைத்து ஜெபித்ததும் அவளுக்குக் கனவு போலத்தான் இருந்தது. கூட்டம் கலையும்போது புன்மியம்மாவே அவள் தோளைத் தட்டினாள்.

"அடேயப்பா, என்ன கொட்டு! ஃபெமி வந்து உங்கிட்ட கத்துக்கணும்."

யாரும் கவனிக்கவில்லை! அபெனிக்கு அதில் நிம்மதி வரவில்லை, இன்னும் பயம்தான் வந்தது. சனங்கள் கவனிக்காவிட்டால் நடந்தது நடக்காமல் போய்விடுமா? தாளம் நின்றது, பிள்ளையின் தாய் நடுவழியில் இருந்தாள். அதைச் செய்தது தன் கணக்கு.

அன்றிலிருந்து நாள் தவறாமல் சாயங்காலம் தம்பி வீட்டுக்குப் போனாள். சோளக்கூழ் கொண்டுவந்தேன், சோப்பு கொண்டுவந்தேன் என்று ஏதாவது ஒரு சாக்கு. போனதும் முதல் வேலை, தூங்குகிற பிள்ளையின் மூக்குக்குக் கீழே விரல் வைத்துப் பார்ப்பது. வறண்ட காற்று மாதங்களில் புழுதி பறந்தது, திமி ஒரு தரம் இருமினான். அபெனி அன்றைக்குக் கடையைத் திறக்கவில்லை. சபையிலோ நன்றிப் பலி கொடுக்கிறவர்கள் எல்லோரும் அதே தாளம்தான் வேண்டும் என்றார்கள். அதற்கு "திமி கொட்டு" என்று பேரே வைத்துவிட்டார்கள். லேப்டாப் பழுது என்று சொல்லித் தட்டிக் கழித்தாள். அதைத் துணியில் சுற்றி மூலையில் வைத்துவிட்டாள். கடையில் தட்டச்சு செய்யும்போது வரிக்கு ரெண்டு பிழை விட்டாள், மாணவர்கள் அவளைத் திருத்த ஆரம்பித்தார்கள்.

மழை தொடங்கிய வாரத்தில் திமிக்குக் காய்ச்சல் வந்தது. உடம்பு அனலாய்க் கொதித்தது. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுத்துப் பார்த்து, மலேரியாதான், மருந்து ஏற்றியிருக்கிறோம், இந்தச் சீசனில் பாதி வார்டு இதுதான் என்றாள் நர்ஸ். அந்த மதியம் லான்ரே மருந்து வாங்கப் போயிருந்தான். கட்டிலின் ஒரு பக்கம் ரோங்கே, மறுபக்கம் அபெனி. பிள்ளை முனகியது. அபெனியால் அதற்கு மேல் தாங்க முடியவில்லை. வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள்.

"என்னாலதான். எல்லாம் என்னாலதான்."

"என்ன உங்களால? கொசுவ நீங்களா வளத்தீங்க?"

"அன்னைக்குக் கொட்டு நின்னுபோச்சு ரோங்கே. நீ பீடத்துக்கு வர்றதுக்கு முன்னாடியே. நான் துணிய எண்ணி நீளம் வச்சேன். சபையே வரும்னு நான் நெனக்கல."

ரோங்கே அவளையே பார்த்தாள். அப்புறம் கோபம் வந்தது.

"இதுக்குத்தான் தெனம் வந்து எம்புள்ள மூக்குல விரல் வச்சுப் பாத்தீங்களா? நான் பாசத்துல வர்றீங்கன்னுல்ல நெனச்சேன்!"

"பாசந்தான்டீ, வேற என்ன?"

"எப்ப நின்னுச்சு?"

"நீ நடுத்தூணத் தாண்டறதுக்கு முன்னாடி."

"பொய் சொல்லாதீங்க. நான் மண்டி போடற வரைக்கும் எங்காதுல விழுந்துச்சு."

ரோங்கே தலையணைக்கு அடியிலிருந்து போனை எடுத்தாள். அன்றைக்கு லான்ரேயின் மாமா மகன் முன்னால் பின்னோக்கி நடந்துகொண்டே எடுத்த வீடியோ அதில் இருந்தது. அவள் அதை எத்தனையோ தரம் பார்த்திருந்தாள், அபெனி ஒரு தரம்கூடப் பார்த்ததில்லை. காட்டுகிறேன் என்றபோதெல்லாம் வேலை இருக்கிறது என்று எழுந்து போயிருந்தாள்.

"இந்தாங்க. எங்க நின்னுச்சுன்னு காட்டுங்க."

அபெனி போனைக் காதோடு வைத்துக்கொண்டாள். நடை வந்தது, ஷெகெரே வந்தது. அவள் வைத்த புள்ளிகள் ஒவ்வொன்றும் அடையாளம் தெரிந்தது. காங்கா எழும்பியது. இதோ, இப்போது வரும் சிம்பல், இதோ. ஆனால் அது கம்பு தரையில் விழுந்த சத்தம். இல்லை, அடுத்தது. இல்லை, அது புன்மியம்மா தலையிலிருந்த சில்லறை. டும் என்று விழுந்துகொண்டே இருந்தது, பக்க டிரம்மின் அந்த மயிரிழைத் தாமதம்கூட அப்படியே இருந்தது. பலகைத் தரையில் அத்தனை பேர் காலும் சேர்ந்து இறங்கிய சத்தம்தான் அது, பெரிய டிரம்மா கால்களா என்று பிரிக்க முடியவில்லை. கைதட்டல் மழையாகக் கொட்டியது. அதில் தப்பான கைதட்டல் ஒன்றுகூட இல்லை. அன்றைக்கு அபெனியின் கை நிறையப் பிள்ளை இருந்தது.

வீடியோவைப் பின்னால் தள்ளி மறுபடி போட்டாள். "இங்க," என்றாள். "இல்ல, இரு. இங்க." மறுபடியும் பின்னால் தள்ளினாள். அவள் ஒவ்வொரு அடியாகக் கோத்துக் கட்டிய தாளம், அது முடிந்த இடம் அவளுக்கே கிடைக்கவில்லை.

ரோங்கே பிள்ளையின் நெற்றியைத் தொட்டாள். வியர்த்திருந்தது. உடுத்தியிருந்த துணியின் முனையால் துடைத்துவிட்டு, அதன் பக்கத்திலேயே ஒருக்களித்துப் படுத்தாள். இரண்டு நாளாக அவள் கண்ணை மூடவில்லை.

"கண்டுபிடிச்சா எழுப்புங்க அக்கா," என்றாள்.

அபெனி அவளை எழுப்பவில்லை.